பூனை முடிக்கு எந்தத் தூசு உறிஞ்சி? பெட்டியில் உள்ள எண்ணை நம்பி வாங்கலாமா?

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் பூனை வளர்ப்பதற்கு 1989ஆம் ஆண்டு முதல் இருந்துவந்த தடை, 2024 செப்டம்பர் 1ஆம் தேதி நீங்கியது. உரிமம் பெற்று ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். அனுமதிக்கப்பட்ட சிறிய இன நாய் ஒன்றை வளர்க்க அதற்கு முன்பே இடமிருந்தது. ஒளித்து மறைத்து வளர்த்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் பிராணி வீட்டுக்குள் வந்ததும் கூடவே அதன் முடியும் வந்துவிடுகிறது. சோபாவில் முடி, கட்டில் விரிப்பில் முடி, துவைத்துக் காயப்போட்ட கறுப்புச் சட்டையிலும் முடி.

குளிர்நாடுகளில் விலங்குகள் பருவம் மாறும்போது மொத்தமாக முடி உதிர்ப்பது வழக்கம். ஆண்டு முழுவதும் ஒரே வெப்பமும், இரவிலும் விளக்கு வெளிச்சமும் உள்ள வீடுகளில் வாழும் பூனையும் நாயும் ஏறக்குறைய எல்லா மாதங்களிலும் முடி கொட்டிக்கொண்டே இருக்கும். துடைப்பத்தால் பெருக்கினால் பாதி முடி காற்றில் பறந்து மறுபடியும் வந்து உட்காருகிறது. அதனால்தான் பலர் வேக்கும் கிளீனர் எனப்படும் தூசு உறிஞ்சியை வாங்கக் கடைக்குப் போகிறார்கள்.

எந்த இயந்திரத்தை வாங்குவது என்பதில்தான் வீட்டுக்கு வீடு வாக்குவாதம். விலை அதிகமானால் தரமும் அதிகம் என்கிறார்கள் ஒரு சாரார். எதை வாங்கினாலும் ஆறு மாதத்தில் மூலைக்குப் போய்விடும், துடைப்பமே போதும் என்கிறார்கள் மற்றொரு சாரார். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் இருவருமே கேட்க மறந்த கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த வீட்டில் உண்மையான பிரச்சினை கண்ணுக்குத் தெரியும் முடியா, கண்ணுக்குத் தெரியாத தூசா?

முடி வேறு, ஒவ்வாமை வேறு

பூனையால் தும்மலும் மூச்சுத்திணறலும் வருகிறது என்றால் அதன் முடிதான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். முடி வெறும் சுமைதூக்கி. பூனை ஒவ்வாமைக்கு முதன்மையான காரணம் ஃபெல் டி 1 என்று பெயரிடப்பட்ட ஒரு புரதம். அது பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் உருவாகிறது. பூனை தன் உடலை நக்கும்போது எச்சில் முடியில் படிந்து காய்கிறது. காய்ந்தது உதிர்ந்து, தோலின் நுண்செதில்களோடு சேர்ந்து காற்றில் மிதக்கிறது. துணி, மெத்தை, திரைச்சீலை என்று எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்கிறது. பூனையை வேறு வீட்டுக்கு அனுப்பிய பிறகும் பல மாதங்கள் அது வீட்டில் தங்கியிருக்கும். நாய்க்கும் இதுபோன்ற புரதங்கள் உண்டு. முடி அதிகம் உதிர்க்காத பூடில் போன்ற இனங்களும் இதிலிருந்து முற்றிலும் விலக்கல்ல.

இதை உணராமல் இயந்திரம் வாங்கினால் நல்லது செய்யப்போய்த் தீமையில் முடியலாம். மலிவான இயந்திரம் முடியை உறிஞ்சிவிடும், தரையும் பளபளக்கும். ஆனால் உறிஞ்சிய காற்றை அது பின்பக்கமாக வெளியே விட்டாக வேண்டும். வடிகட்டி சரியில்லை என்றால், தரையில் சும்மா கிடந்த நுண்தூசு அந்தக் காற்றோடு அறை முழுவதும் பரவும். ஆஸ்துமா உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில், சுத்தம் செய்த அன்று இரவே இருமல் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். பழி பூனையின் மேல் விழுகிறது. ஒவ்வாமைக்காகப் பிள்ளைபோல் வளர்த்த பிராணியைக் கைவிட நேரும் குடும்பங்களும் உண்டு. ஆகவே இது வெறும் வீட்டுச் சாமான் வாங்கும் விஷயமல்ல.

இந்த இயந்திரத்தின் வரலாறும் இதையே சொல்கிறது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள கேன்டன் நகரில் ஜேம்ஸ் மர்ரி ஸ்பேங்ளர் என்பவர் ஒரு கடைக்கட்டடத்தில் துப்புரவுப் பணியாளராக இருந்தார். அவருக்கு ஆஸ்துமா. கம்பளத்தைப் பெருக்கும்போது எழுந்த தூசு அவரை வாட்டியது. மின்விசிறியின் மோட்டார், துடைப்பத்தின் கைப்பிடி, ஒரு தலையணை உறை ஆகியவற்றைக் கொண்டு அவர் ஓர் இயந்திரத்தைச் செய்தார். 1908ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார். அந்த உரிமையை வாங்கி வளர்ந்ததுதான் ஹூவர் நிறுவனம். கையில் எடுத்துச்செல்லக்கூடிய மின்சாரத் தூசு உறிஞ்சி பிறந்ததே மூச்சுவிடச் சிரமப்பட்ட ஒருவரின் தேவையால்தான்.

வாட்டும் பாஸ்கலும்

கடையில் முதலில் கண்ணில் படுவது பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட எண். 2,000 வாட் என்று இருந்தால் ஆற்றல் மிக்கது என்று தோன்றும். வாட் என்பது இயந்திரம் மின்சாரத்தைச் செலவழிக்கும் அளவு. எவ்வளவு உறிஞ்சும் என்பதை அது சொல்லாது. ஐரோப்பிய ஒன்றியம் வீட்டுத் தூசு உறிஞ்சிகளுக்கு 2014 செப்டம்பரில் 1,600 வாட் என்றும், 2017 செப்டம்பரில் 900 வாட் என்றும் உச்சவரம்பு விதித்தது. அதனால் அங்குள்ள வீடுகள் அழுக்காகிவிடவில்லை. மோட்டாரையும் முனையையும் திறம்பட வடிவமைத்து, குறைந்த மின்சாரத்தில் அதே வேலையைச் செய்யத் தயாரிப்பாளர்கள் கற்றுக்கொண்டார்கள்.

பேட்டரியில் இயங்கும் இயந்திரங்களில் இப்போது பாஸ்கல் என்ற எண் பெரிதாகப் போடப்படுகிறது. குளிர்பானம் குடிக்கும் உறிஞ்சுகுழாயின் நுனியை விரலால் அடைத்துக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள். கன்னம் குழிவிழும், ஆனால் ஒரு சொட்டுகூட வராது. பாஸ்கல் கணக்கும் பெரும்பாலும் அப்படி, வாயை அடைத்துக் காற்று ஓடாத நிலையில் அளந்த இழுப்புதான். முடியைத் தரையிலிருந்து கிளப்பித் தொட்டி வரை கொண்டுசேர்க்க இழுப்போடு காற்றோட்டமும் வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சொல்வது ஏர் வாட் என்ற அளவு. அது குறிப்பிடப்பட்டிருந்தால் அதை வைத்து ஒப்பிடுவது மேல். வெளுத்ததெல்லாம் பாலல்ல என்பது இந்த எண்களுக்கும் பொருந்தும்.

தரையைப் பார்த்து முனையைத் தேர்ந்தெடுங்கள்

விளம்பரங்களில் வரும் தடித்த கம்பளம் சிங்கப்பூர், மலேசிய வீடுகளில் குறைவு. பெரும்பாலும் பளிங்கு ஓடு, வினைல், மரப்பலகைத் தரைதான். கம்பளத்துக்கென்று செய்த, விறைப்பான நார்கள் கொண்ட சுழலும் பிரஷ் ஓட்டுத் தரையில் முடியை உறிஞ்சுவதற்குப் பதிலாக முன்னால் சிதறடிக்கும். இத்தகைய தரைக்கு மென்மையான துணி உருளை உள்ள முனையோ, சுழற்சியை நிறுத்திவைக்கக்கூடிய பிரஷ்ஷோ ஏற்றது. மரத்தரையில் கீறல் விழாது என்பது கூடுதல் நன்மை.

உண்மையில் முடி அதிகமாக ஒளிந்திருப்பது தரையில் அல்ல, சோபாவிலும் மெத்தையிலும்தான். துணிக்குள் குத்திக்கொண்ட முடியை வெறும் இழுப்பு மட்டும் எடுக்காது. அதற்குச் சுழலும் பிரஷ் பொருத்திய சிறிய கைமுனை வேண்டும். தரை முனையைவிட இந்தச் சிறு முனைதான் பிராணி வளர்க்கும் வீட்டில் முக்கியம் என்றால் மிகையாகாது. சில மாடல்களில் இது பெட்டியிலேயே இருக்கும், சிலவற்றில் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். விலையை ஒப்பிடும்போது இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உறிஞ்சுவதற்கு முன்னால், ஈரமாக்கிப் பிழிந்த ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு சோபாவை ஒரே திசையில் தடவினால், பெரும்பகுதி முடி திரண்டு உருண்டு வந்துவிடும்.

பிரஷ் உருளையில் முடி சுற்றிக்கொள்வது எல்லாருக்கும் உள்ள தொல்லை. பூனை முடியைவிடப் பெண்களின் நீளமான தலைமுடிதான் முதலில் சுற்றிக்கொள்ளும், பிராணியின் முடி அதன்மேல் அடையும். உருளை எளிதாகக் கழன்று வருகிறதா, கத்தரிக்கோலை விட்டு வெட்ட அதில் பள்ளம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு முனை குறுகிய கூம்பு வடிவ உருளைகளும் ரப்பர் உருளைகளும் ஓரளவு சிக்கலைக் குறைக்கின்றன.

பையா, தொட்டியா?

பை இல்லாத, தொட்டி வைத்த இயந்திரங்களைப் பரவலாக்கியவர் பிரிட்டனின் ஜேம்ஸ் டைசன். சுழல்காற்றால் தூசைப் பிரிக்கும் முறைக்காக 5,127 மாதிரிகளைச் செய்து பார்த்ததாக அவரே கூறியிருக்கிறார். அவர் பெயரில் அமைந்த டிசி01 இயந்திரம் 1993ல் சந்தைக்கு வந்தது. 2002ல் அவரது நிறுவனம் தூசு உறிஞ்சி உற்பத்தியை மலேசியாவுக்கு மாற்றியது. இப்போது அதன் தலைமையகம் சிங்கப்பூரில் இருக்கிறது.

தொட்டியில் பை வாங்கும் செலவில்லை. எவ்வளவு நிறைந்தது என்று கண்ணால் பார்க்கலாம். ஆனால் குப்பைத் தொட்டியில் கவிழ்க்கும்போது நுண்தூசு முகத்துக்கே எழும்பும். முடி எடை குறைந்தது, இடமோ அதிகம் பிடிக்கும் என்பதால் சிறிய தொட்டி ஒரே அறையில் நிறைந்துவிடும். பை உள்ள இயந்திரத்தில் நிறைந்த பையை வாயை மூடி அப்படியே எறிந்துவிடலாம். வீட்டில் ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ உள்ளவர் இருந்தால் பை உள்ளதே பாதுகாப்பு. பை தொடர்ந்து கிடைக்குமா என்பதை மட்டும் முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

வடிகட்டியில் ஹெப்பா என்ற சொல்லைத் தேடுங்கள். அமெரிக்க அளவுகோலின்படி 0.3 மைக்ரோன் துகள்களில் 99.97 விழுக்காட்டைத் தடுப்பதே ஹெப்பா. ஐரோப்பிய முறையில் எச்13 தரம், வடிகட்டியிலிருந்து எளிதில் தப்பக்கூடிய அளவுள்ள துகள்களிலும் 99.95 விழுக்காட்டைப் பிடிக்க வேண்டும். 'ஹெப்பா போன்றது', 'ஹெப்பா வகை' என்ற சொற்களுக்கு இந்த உத்தரவாதம் கிடையாது. வடிகட்டி நல்லதாக இருந்தும் உடலின் இணைப்புகளில் கசிவு இருந்தால் பயனில்லை. ஆகவே இயந்திரம் முழுவதும் காற்று கசியாமல் அடைக்கப்பட்டதா என்றும் கேட்க வேண்டும்.

கம்பியா, பேட்டரியா, ரோபோவா?

கம்பி உள்ள இயந்திரத்தின் பலம் கடைசி வரை குறையாது, விலையும் பொதுவாகக் குறைவு. பேட்டரி இயந்திரம் கைக்கு இலகு. நினைத்தவுடன் எடுத்து ஐந்து நிமிடம் ஓட்டலாம் என்பதால் அதைத் தினமும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அறுபது நிமிடம் ஓடும் என்ற விளம்பரம் மிகக் குறைந்த வேகத்துக்கு உரியது. அதிகபட்ச வேகத்தில் சில மாடல்கள் பத்து நிமிடத்தைக்கூட எட்டுவதில்லை. சில ஆண்டுகளில் பேட்டரி தளர்ந்துவிடும். அதை மட்டும் மாற்ற முடியுமா, என்ன விலை என்று வாங்கும்போதே கேட்பது நல்லது.

ரோபோ இயந்திரம் கட்டிலுக்கு அடியில் தினமும் சுற்றி வரும், முடி சேரவிடாது. ஆனால் சோபாவில் ஏறாது. வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் நாய் அசுத்தம் செய்துவிட்டால் அதை வீடெங்கும் இழுத்துப் பூசிவிடும் ஆபத்தும் உண்டு. இதைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாமே தவிர, ஒரே இயந்திரமாக நம்புவதற்கில்லை.

வாங்கிய பிறகு

கழுவக்கூடிய வடிகட்டியைக் கழுவினால் குறைந்தது 24 மணி நேரம் காய வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். இங்குள்ள ஈரக்காற்றில், மழைக்காலத்தில், அதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சை பிடித்து நாற்றமடிக்கும், மோட்டாரும் கெடும். மாற்று வடிகட்டி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வது வசதி.

பூசையறையைச் சுத்தம் செய்யும்போதும் கவனம் தேவை. திருநீறும் சாம்பிராணிச் சாம்பலும் மிக நுண்ணியவை, வடிகட்டியைச் சீக்கிரம் அடைத்துவிடும். ஈரத்துணியால் துடைப்பதே சரி. கனல் மிச்சமிருக்கும் சாம்பலை ஒருபோதும் உறிஞ்சக்கூடாது, உள்ளே கிடக்கும் முடி தீப்பற்றிக்கொள்ளும்.

எவ்வளவு நல்ல இயந்திரமும் தனியாக ஒவ்வாமையைத் தீர்த்துவிடாது. பிராணியைப் படுக்கையறைக்குள் விடாமல் பழக்குவது, வெளியில் கிடைக்கும் முடியின் அளவைக் குறைக்கத் தினமும் சீவிவிடுவது, விரிப்புகளை வாரந்தோறும் துவைப்பது ஆகியவையும் சேர்ந்தால்தான் பலன் தெரியும். சுத்தம் செய்யும்போது சன்னலைத் திறந்து வைத்து, ஒவ்வாமை உள்ளவரைச் சற்று நேரம் வேறு அறையில் இருக்கச் சொல்ல வேண்டும். மூச்சுத்திணறல் தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்காமல் கடைக்குப் போவதில் அர்த்தமில்லை.

கடைக்குப் போகுமுன் வீட்டைச் சுற்றிப் பார்த்து நான்கு விஷயங்களைத் தாளில் குறித்துக்கொண்டால் போதும். தரை எப்படிப்பட்டது? முடி எங்கே அதிகம் சேர்கிறது? யாருக்காவது ஒவ்வாமை இருக்கிறதா? இயந்திரத்தைத் தினமும் தூக்கப்போவது யார்? பாட்டியோ பணிப்பெண்ணோ தூக்குவதாக இருந்தால் அவர்களையும் கடைக்கு அழைத்துச் சென்று ஒருமுறை தூக்கிப் பார்க்கச் சொல்லலாம். இந்த நான்குக்கும் பதில் கையில் இருந்தால், விற்பனையாளர் எவ்வளவு பெரிய எண்ணைக் காட்டினாலும் தடுமாற வேண்டியதில்லை.