வாக்குரிமை வளர்ந்த வரலாறு

மாணவர்களே! நம் நாட்டுத் தேர்தல் வரலாறு என்றதும் யார் வென்றார், யார் தோற்றார் என்ற பட்டியலே பலர்க்கும் நினைவில் எழுகிறது. ஆசிரியப் பணியில் இருந்தபோது நான் வேறொரு வினாவையே முதலிற் கேட்பது வழக்கம்: வாக்களிக்கும் உரிமை பெற்றிருந்தோர் யாவர்?

1920ஆம் ஆண்டில் சென்னை மாகாணச் சட்டசபைக்குத் தேர்தல் நடைபெற்றது. நீதிக்கட்சி ஆட்சி அமைத்தது. தமிழ் மாவட்டங்களோடு ஆந்திரப் பகுதிகளும் மலபாரும் அடங்கிய அம்மாகாணத்தின் மக்கள் 4 கோடிக்கு மேற்பட்டவர். வாக்காளரோ ஏறத்தாழ 12½ லட்சம், நூற்றுக்கு மூவர்! சொத்தும் வரியுமே பெரும்பாலும் தகுதிகளாயின. நிலவுடையவனுக்கு வாக்குண்டு, அந்நிலத்திற் கூலிக்கு உழுதவனுக்கு இல்லை. பெண்டிர்க்கு இருந்த தடையை 1921இல் சட்டசபைத் தீர்மானம் நீக்கிற்று. சொத்துத் தகுதி மட்டும் நீங்கவில்லை. 1935ஆம் ஆண்டுச் சட்டம் வாக்காளர் தொகையைப் பெருக்கிற்று. எனினும் ஏழையருட் பெரும்பாலோர் வெளியிலேயே நின்றனர்.

குடியரசின் முதற் பொதுத்தேர்தல் 1952இல் இங்கு நடந்தபோது, 21 வயது நிரம்பிய அனைவரும் வாக்காளராயினர். எழுத்தறியாதவர் என் செய்வர்? ஒவ்வொரு வேட்பாளர்க்கும் ஒரு தனிப்பெட்டி. அதன்மேல் அவரது சின்னம். விரும்பிய பெட்டியிற் சீட்டை இட்டால் போதும். அத்தேர்தலில் 375 இடங்களுள் 152 மட்டுமே பெற்று, ஆண்டுகொண்டிருந்த காங்கிரசு பெரும்பான்மை இழந்தது. புதிய வாக்காளரின் வலிமையை நாடு கண்டது.

அரசியலமைப்பின் 61ஆவது திருத்தம் 1989இல் நடைமுறைக்கு வந்து, வயதை 18 ஆக்கியது. மூவரிடமிருந்த உரிமை இவ்வாறு உங்களிடம் வந்துள்ளது. ஆனால் பட்டியலிற் பெயர் தானே ஏறிவிடாது. விண்ணப்பித்துப் பதிந்துகொள்வது உங்கள் முதற்கடமை.