பல்லா, பாலா? போனுக்கு விளங்காத பேச்சு

இந்த வார எபிசோடில் குரல் அசிஸ்டென்ட்கள் பற்றிக் கதைத்தோம். நேரம் காணாமல் விட்ட ஒரு விஷயத்தை இங்கே எழுதுறன்: பேச்சுத் தெளிவில்லாத ஆட்கள் சொல்வது இவற்றுக்கு ஏன் விளங்குவதில்லை?

ஸ்ட்ரோக், பார்க்கின்சன், செரிப்ரல் பால்சி, ஏஎல்எஸ் உள்ள பலருக்கு டிஸார்த்ரியா வருகிறது. இது சொற்களை மறந்துபோகிற பிரச்சினை இல்லை; அதுக்குப் பெயர் அஃபேசியா. டிஸார்த்ரியாவில் என்ன சொல்ல வேணும் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரியும். நாக்கு, உதடு, தொண்டை, மூச்சு இவற்றின் தசைகள்தான் சொல்வழி கேட்பதில்லை.

என்ர அப்பப்பாவுக்குப் பாரிசவாதம் வந்த பிறகு, அவர் கதைப்பது அப்பம்மாவுக்கு முழுசாக விளங்கும், எனக்குப் பாதி விளங்கும், போனுக்கு ஒண்டுமே விளங்காது. காரணம் எளிது. அப்பம்மாவின் காது அவருக்குப் பழகிவிட்டது. போன் பழகியது வேற ஆட்களின் குரலுக்கு.

அப்ப, போனையும் பழக்கலாம்தானே? 2019இல் கூகுள் அறிவித்த யூஃபோனியா திட்டத்தின் யோசனை அதுதான். பேச்சுக் குறைபாடு உள்ளவர்களிடம் இருந்து பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஒலிப்பதிவுகளைச் சேர்த்தார்கள். பிறகு வந்த ரிலேட் ஆப்பில் ஒருவர் 500 வாக்கியங்கள் பதிந்தால், மாதிரி அவருடைய குரலுக்கு ஏற்றபடி மாறும். 2022இல் இலினோய் பல்கலைக்கழகம் ஆப்பிள், அமேசான், கூகுள், மெட்டா, மைக்ரோசாஃப்ட் ஆகியவற்றின் ஆதரவோடு இன்னொரு பெரிய சேகரிப்பைத் தொடங்கியது. எல்லாம் நல்ல வேலை. ஆனால் ரெண்டும் இங்கிலிஷில் தொடங்கியவை.

இங்கிலிஷில் பழக்கியதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவரலாம் எண்டு நினைக்காதீங்கோ. டிஸார்த்ரியா உள்ள பலர் மெதுவாக, உயிரெழுத்துகளை இழுத்துப் பேசுவார்கள். தமிழில் அந்த இழுவையிலேயே அர்த்தம் மாறிவிடும்: பல் பாலாகும், கல் காலாகும், படம் பாடமாகும். "பல் நோகுது" எண்டு சொல்கிற ஆளுக்குப் பால் வந்து சேரும். (சிரிப்பு வரும். ஆனால் அவருக்கு நோகுதே!) இன்னொண்டு, ண, ள, ழ சொல்ல நாக்கு நுனி மேலே வளைய வேணும். பலவீனமான நாக்குக்கு அது லேசான வேலை இல்லை.

தமிழில் ஒருவரும் செய்யவில்லையா? செய்திருக்கினம். சென்னைக்கு அருகே உள்ள எஸ்எஸ்என் பொறியியல் கல்லூரி ஆய்வாளர்கள், செரிப்ரல் பால்சியால் டிஸார்த்ரியா உள்ள 20 பேரையும், ஒப்பிட்டுப் பார்க்க அது இல்லாத 10 பேரையும் பதிந்தார்கள். ஆளுக்கு 365 சொற்களும் வாக்கியங்களும். 2021இல் அது மற்ற ஆய்வாளர்களுக்கும் கிடைக்கும்படி வெளியானது. எனக்கு இது யூஃபோனியாவை விடப் பெரிய விஷயம். ஆனாலும் 20 பேர்தான். அப்பப்பாவின் நோய் வேற, அவருடைய யாழ்ப்பாணப் பேச்சும் வேற.

உங்கட வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், அவர் சம்மதத்தோடு அவர் பேசுவதைப் பதிந்து வையுங்கோ. பார்க்கின்சன், ஏஎல்எஸ் எண்டால் பேச்சு மோசமாக முன்னமே தொடங்குங்கோ. முக்கியமாக, அவர் என்ன சொன்னார் என்பதை அவரை நல்லா விளங்கிற ஆளிடம் கேட்டு, அண்டைக்கே எழுதி வையுங்கோ. எழுத்து இல்லாத ஒலிப்பதிவை வைத்து ஒரு மாதிரியைப் பழக்குவது கஷ்டம். கொஞ்ச வருஷம் போனால், அதைக் கேட்டுச் சொல்ல வீட்டிலும் ஆள் இருக்காது.