பொய்க்கால் மாட்டுகிறவருக்குப் பதிவு உண்டா?

தோழர்களே, தோட்டத்தில் நம் காயத்துக்கு மருந்து போட்ட டிரெசர் சும்மா வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் அல்ல. 1965ஆம் ஆண்டிலேயே அவருக்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது. தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் என்று அதற்குப் பெயர். மருந்து கொடுக்கிற கைக்கு அவ்வளவு கண்டிப்பு. ஆனால் காலை இழந்த ஒருவருக்குப் பொய்க்கால் செய்து மாட்டுகிறவரிடம், “ஐயா, நீங்க எங்கே படிச்சீங்க, எங்கே பதிஞ்சிருக்கீங்க?” என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

கேட்க வேண்டிய காலம் இது. முன்பு கால் போனது என்றால் லாரி, மில் இயந்திரம், விழுந்த மரம் என்று காரணம் சொல்வார்கள். இன்று பேராக்கில் பழைய ரப்பர் காடுகள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. நம் மக்களும் ஈப்போ, சுங்கை சிப்புட் பக்கம் குடிவந்துவிட்டார்கள். இப்போது காலைக் குறிவைப்பது இனிப்பு நீர். சுகாதார அமைச்சின் கணக்கெடுப்பில் பெரியவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு இந்நோய் இருப்பதாக 2019இல் தெரிந்தது. 2023இல் அது 15.6 ஆகக் குறைந்தது. குறைந்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் இன வாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் இது அதிகம் என்பதை மறந்துவிட வேண்டாம்.

பொய்க்கால் என்றதும் நாம் பார்ப்பது பாதத்தையும் செருப்பையும்தான். விஷயம் இருப்பது மேலே, எஞ்சிய கால் போய் உட்காருகிற கிண்ணத்தில். ஆங்கிலத்தில் சாக்கெட் என்பார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்த கால் என்றால், உடம்பின் பாரம் வெட்டிய எலும்பின் நுனியில் இறங்கக் கூடாது. முழங்கால் சிப்பிக்குக் கீழே உள்ள தசைநாண் பாரத்தைத் தாங்கும். சதைப்பிடிப்பான பக்கங்களும் தாங்கும். வெளிப்பக்கத்தில் துருத்தி நிற்கும் சின்ன எலும்பு முனை தாங்காது. எங்கே அழுத்தலாம், எங்கே இடம் விடலாம் என்று தடவிப் பார்த்து, மாவுக்கட்டில் அச்செடுத்து, அந்த அச்சைச் செதுக்கித் திருத்துவதுதான் படித்தவன் வேலை. பாதம் ஒரு விரற்கடை உள்ளே திரும்பினாலும் முழங்காலும் இடுப்பும் அதற்குக் கூலி கொடுக்கும்.

இன்னொன்று. அறுவைக்குப் பிறகு முதல் சில மாதங்களில் வீக்கம் வடிந்து கால் மெலியும். அப்போது முதல் கிண்ணம் தளரும். காலுறையைக் கூட்டிப் போட்டுச் சமாளிக்க வேண்டும், பிறகு கிண்ணத்தையே மாற்ற வேண்டும். ஒரே தடவை அளவெடுத்து, காசை வாங்கிக்கொண்டு, “பழகப் பழகச் சரியாயிடும்” என்று அனுப்பி வைக்கிறவரிடம் எச்சரிக்கையாய் இருங்கள். இனிப்பு நீர்க்காரருக்கு உணர்ச்சி மரத்திருக்கும். புண் வந்தது தெரியாமலே நடப்பார். முழங்காலுக்குக் கீழே எடுத்த கால், அந்தப் புண்ணால் முழங்காலுக்கு மேலே போய்விடக் கூடும். முழங்கால் இருக்கிறவருக்கும் இல்லாதவருக்கும் படியேறுவதில் எத்தனை வித்தியாசம் என்று பொய்க்கால் போட்டவரைக் கேளுங்கள்.

சரி, நம் நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது? இங்கே இரண்டு சட்டங்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2012ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிச் சட்டம் சாமானைப் பற்றியது. அதிலும் ஒருவருக்கென்றே அளவெடுத்துச் செய்யும் சாமானுக்குப் பதிவிலிருந்து விலக்கு உண்டு. ஆளைப் பற்றியது வேறு சட்டம். துணை மருத்துவத் தொழில்கள் சட்டம், எண் 774, 2016இல் நிறைவேறி 1.7.2020இல் நடப்புக்கு வந்தது. உடற்பயிற்சிச் சிகிச்சை தரும் ஃபிசியோதெரபிஸ்ட் போன்றவர்கள் இதன் கீழ் மன்றத்தில் பதிந்து, ‘பெரக்குவான் அமாலான்’ என்ற தொழில் சான்றும் வைத்திருக்க வேண்டும். எந்தெந்தத் தொழில் என்பதை இச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சொல்கிறது. அட்டவணையில் பெயர் உள்ள தொழிலைத்தான் சட்டம் பிடிக்கும். அந்த அட்டவணையை அமைச்சர் திருத்தலாம் என்பதால், போகிற நாளில் நேராகவே கேட்டுவிடுங்கள்: “உங்க தொழில் அட்டவணையிலே இருக்கா? பதிவு எண் என்ன?” எண் இருந்தால் மன்றத்தில் சரிபார்க்கலாம். இல்லை என்றால் அடுத்த கேள்வி படிப்பைப் பற்றியது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் செயற்கை உறுப்புக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. ஆகவே படித்தவர்கள் நம் நாட்டில் கிடைக்க மாட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

இந்தியாவில் இது வெளிப்படையாகவே இருக்கிறது. 1992ஆம் ஆண்டின் மறுவாழ்வு மன்றச் சட்டப்படி செயற்கை உறுப்புப் பொருத்துகிறவரும் மத்திய பதிவேட்டில் பெயர் பதிய வேண்டும். பதியாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய் இன்றைக்கு யாரைப் பயமுறுத்தும் என்பது வேறு கதை. இங்கிலாந்தில் பதிவு இல்லாதவர் அந்தத் தொழில் பெயரையே போட்டுக்கொள்ள முடியாது. அமெரிக்காவில் சில மாநிலங்களில் மட்டுமே லைசென்ஸ்.

“படிப்பு என்ன படிப்பு, கைப்பழக்கம் போதாதா?” என்று கேட்பவர் உண்டு. அவர்கள் காட்டும் உதாரணம் ஜெய்ப்பூர் கால். 1968இல் வந்த அந்த ரப்பர் பாதத்தை உருவாக்கியதில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞருக்குப் பெரிய பங்கு. அதிகம் பள்ளிக்கூடம் போகாதவர். உண்மைதான். நாம் சீவிய பாலின் இனத்துக்கு அப்படி ஒரு பெருமை கிடைத்ததில் நமக்கும் சந்தோஷம். ஆனால் அவர் தனியாகக் கடை போட்டு உட்காரவில்லை. எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தியோடு சேர்ந்து, நோயாளி நடப்பதைப் பார்த்துப் பார்த்துத் திருத்தினார். கைத்திறனுக்கு மேலே ஒரு கண் இருந்தது. பதிவு என்பதும் அந்தக் கண்தான்.

உள்ள உறுப்புக்குத் துணையாகப் போடும் முழங்கால் பட்டை, முதுகு பெல்ட், இனிப்பு நீர்க்காரரின் தனிச் செருப்பு ஆகியவற்றுக்கும் இதே கேள்விகள் பொருந்தும். மருந்துக்கடையில் தொங்குவதை எடுத்து மாட்டிக்கொள்ளாதீர்கள்.

காசு விஷயம். வேலையிடத்திலோ வேலைக்குப் போகிற வருகிற வழியிலோ அடிபட்டு, சொக்சோ சந்தா கட்டியவராய் இருந்தால், செயற்கை உறுப்புச் செலவை சொக்சோவிடம் கேளுங்கள். முடிவு வருவதற்குள் கடன் வாங்கிக் கடையில் முன்பணம் கட்டிவிடாதீர்கள். சந்தா இல்லாத ஏழைக் குடும்பம் என்றால் ஓகேயூ அட்டை எடுத்து, சமூகநல இலாகாவில் செயற்கை உறுப்பு உதவிக்கு மனுச் செய்யலாம். எலும்பு மருத்துவரின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதுக்கால் போட்ட முதல் வாரம், சிறிது நேரம் நடந்து கழற்றி, தோலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் மறையாத சிவப்பு இருந்தால் மறுபடி மாட்ட வேண்டாம். அன்றைக்கே பொருத்தியவரிடம் போங்கள். அவர் பார்க்க மறுத்தால் மருத்துவமனைக்குப் போங்கள். ரசீதில் கடைப் பெயர் மட்டும் போதாது. அளவெடுத்தவர் பெயரும் பதிவு எண்ணும் எழுதி வாங்குங்கள். பின்னால் ஈப்போவில் மாநில சுகாதார இலாகாவுக்கோ பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கோ புகார் கொண்டுபோக நேர்ந்தால், முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.