ஹெச்.பி.எல்.சி. பயிற்சி: பணம் கட்டுமுன் என்ன கேட்க வேண்டும்?

2025 அக்டோபர் தொடக்கத்தில் 'கோல்ட்ரிஃப்' என்ற இருமல் மருந்தைச் சோதித்த தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருப்பதாக அறிக்கை கொடுத்தது. அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 0.1 சதவீதம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அந்த மருந்தைக் குடித்த குழந்தைகள் மத்தியப் பிரதேசத்தில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். இருபது பேருக்கும் மேல். 1937இல் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டது இதே வேதிப்பொருள்தான். 1972இல் சென்னையிலேயே குழந்தைகளைக் கொன்றதும் இதுதான்.

சிரப்பில் கரைப்பானாகச் சேர்க்கும் புரொப்பிலீன் கிளைக்காலும் இந்த நஞ்சும் நிறமற்ற, கொழகொழப்பான திரவங்கள். பார்த்தோ முகர்ந்தோ பிரித்தறிய முடியாது. 'ஜி.சி.' எனப்படும் வாயு வண்ணப்பிரிகைக் கருவியில் செலுத்தினால், இரண்டும் வெவ்வேறு நேரத்தில் வெளிவந்து தனித்தனி 'பீக்'காகத் தெரிந்துவிடும். அந்தக் கருவி இல்லாதவர்களுக்காக மெல்லடுக்கு வண்ணப்பிரிகை என்ற மலிவான முதற்கட்டச் சோதனையையும் உலக சுகாதார நிறுவனம் வகுத்துத் தந்திருக்கிறது. பாதிக்குப் பாதி கலந்திருப்பதைக் கண்டுபிடிக்க மேதை எவரும் தேவையில்லை. மூலப்பொருள் வந்து இறங்கியதும் ஒருவர் ஒழுங்காகச் சோதித்து, 'இது ஆகாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான். அந்த ஒருவருக்கான பயிற்சி எங்கே கிடைக்கிறது?

கல்லூரியில் பெரும்பாலும் கிடைப்பதில்லை. பி.எஸ்சி. வேதியியல் முடித்தவருக்குப் பியூரெட்டில் தரம் பார்க்கத் தெரியும், உப்புப் பகுப்பாய்வு தெரியும். மருந்து ஆலையின் 'க்யூ.சி.' எனப்படும் தரக் கட்டுப்பாட்டு லேபில் நாள் முழுக்க ஓடுவதோ ஹெச்.பி.எல்.சி. என்ற உயர்திறன் திரவ வண்ணப்பிரிகைக் கருவி. பல கல்லூரிகளில் அது இருந்தாலும் உறை போட்டு மூடியிருக்கும், விலை அப்படி. இந்த இடைவெளியில்தான் இரண்டு நாள் பயிலரங்கு முதல் மூன்று மாதச் சான்றிதழ் வரை விதவிதமான பயிற்சிகள் முளைத்திருக்கின்றன.

அடிப்படைத் தத்துவம் எளிது. 1903இல் வார்சாவில் மிகைல் ஸ்வெட் என்ற தாவரவியலாளர் இலைச் சாற்றைச் சுண்ணாம்புத் தூள் நிரப்பிய குழாயில் ஊற்றி, நிறமிகள் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிவதைக் காட்டினார். இன்றைய கருவியில் அந்தக் குழாய், பெரும்பாலும் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள எஃகுக் 'காலம்'. உள்ளே 5 மைக்ரான் அளவுள்ள சிலிக்கா துகள்கள். 'மொபைல் ஃபேஸ்' எனப்படும் திரவத்தை ஒரு பம்ப் நூறு வளிமண்டல அழுத்தத்தையும் தாண்டித் தள்ளுகிறது. மருந்தும் மாசுகளும் காலத்தினுள் வெவ்வேறு நேரம் தங்கி வெளிவர, புறஊதாக் கதிர் அவற்றை அளக்கிறது.

கருவியை ஓட்டுவதற்கு மூன்று நாள் போதும். பயிற்சிக்குக் கட்டும் பணத்துக்கு மதிப்பு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

பிரஷர் ஏறுவதை எடுத்துக்கொள்வோம். நேற்று 150 'பார்' காட்டிய பம்ப் இன்று 300 காட்டுகிறது. காரணம் பெரும்பாலும் நேற்று மாலை வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருக்கும். பாஸ்பேட் பஃபர் ஓடிய காலத்தை நேரே சுத்தமான அசிட்டோநைட்ரைலால் கழுவியிருப்பார்கள். அந்த உப்பு அசிட்டோநைட்ரைலில் கரையாது. காலத்துக்குள்ளேயே படிந்து வழியை அடைத்துவிடும். முதலில் தண்ணீர் அதிகமுள்ள கலவையை ஓட்டி உப்பை வெளியேற்ற வேண்டும்; கரைப்பானின் முறை அதற்குப் பிறகுதான். பாடமாகச் சொன்னால் இது ஒரு வரி. ஒரு பழைய காலத்தைக் கொடுத்து, மாணவரையே அடைக்கவிட்டு, எங்கே அடைத்திருக்கிறது என்று இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கச் சொல்லும் பயிற்சியில்தான் இது கைக்கு வரும்.

இன்னொன்று, கருவிக்கு வெளியே நடப்பது. தவறுகளில் பெரும்பங்கு சாம்பிள் தயாரிக்கும்போதே புகுந்துவிடுகிறது. மாத்திரைத் தூளைக் கரைக்க சோனிக்கேட்டரில் வைத்தால் கரைசல் சூடாகி விரியும். ஆறவிடாமல் ஃபிளாஸ்க்கின் கோடுவரை நிரப்பினால், பிறகு ஆறும்போது கொள்ளளவு சுருங்கி, செறிவு கூடிப்போகும். மருந்து அதிகமாக இருப்பதாகக் கருவி சொல்லும். லட்சக்கணக்கில் விலை போட்டு வாங்கிய கருவியாலும் இந்தப் பிழையைத் திருத்த முடியாது. எடை போடுவதும் பிப்பெட் பிடிப்பதும் பள்ளிக்கூட வேலை என்று ஒதுக்கும் பயிற்சி நிலையத்தை நான் நம்பமாட்டேன்.

மூன்றாவது, பலரும் பேசத் தயங்குவது: ரிசல்ட் ஃபெயிலானால் என்ன செய்வது? சாம்பிளைச் செலுத்துமுன், அளவு தெரிந்த 'ஸ்டாண்டர்டை' ஐந்தாறு முறை செலுத்தி, பீக் பரப்புகளின் விலகல் பொதுவாக 2 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கருவி சரி என்று உறுதியான பிறகும் சாம்பிள் ஃபெயிலானால் 'இன்னொரு தடவை போட்டுப் பார்' என்பதே மேலாளரின் முதல் ஆசையாக இருக்கும். பாஸாகும்வரை திரும்பத் திரும்பச் சோதிப்பதை 1993இலேயே பார் லேபரட்டரீஸ் என்ற மருந்து நிறுவனத்தின் வழக்கில் அமெரிக்க நீதிமன்றம் கண்டித்தது. முதலில் காரணத்தைத் தேட வேண்டும்: எடை, நீர்ப்பு, கணக்கு, கருவி என்று ஒவ்வொன்றாக. ஆய்வகப் பிழை என்று நிரூபணமாகாவிட்டால் அந்த எண் நிலைக்கும்; விசாரணை உற்பத்திப் பிரிவுக்குப் போகும்.

கணினி வந்தபின் ஆசைக்கு வேறு வழியும் திறந்தது. பீக்கின் அடிக்கோட்டைக் கையால் கொஞ்சம் நகர்த்தினால் பரப்பு மாறும், ஃபெயில் பாஸாகும். இதனால்தான் யார், எப்போது, எதை மாற்றினார் என்று மென்பொருளே பதிவுசெய்யும் 'ஆடிட் டிரெயில்' கேட்கப்படுகிறது. மின்னணுப் பதிவுகளுக்கான அமெரிக்க விதி 1997இல் வந்தது. இந்திய ஆலைகளுக்கு வரும் வெளிநாட்டு ஆய்வாளர்கள் முதலில் திறக்கச் சொல்வது கணினியைத்தான். இந்திய மருந்து நிறுவனமான ரேன்பாக்ஸியின் அமெரிக்கக் கிளை 2013இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, மொத்தம் 50 கோடி டாலர் கட்ட நேர்ந்த விவகாரத்தில் பொய்த் தகவல்களும் அடக்கம்.

எனவே பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை இவை. ஒரு கருவிக்கு எத்தனை பேர்? கல்யாண மாப்பிள்ளையைப் பார்ப்பதுபோல இருபது பேர் சுற்றி நின்று பார்த்துவிட்டு வருவது பயிற்சி ஆகாது. மொபைல் ஃபேஸை நானே தயாரித்து, வடிகட்டி, காற்று நீக்கலாமா? நான் எடுத்த குரோமட்டோகிராமில் தவறு சொல்வார்களா? ஃபெயிலான ரிசல்ட்டுக்கு விசாரணை அறிக்கை எழுத வைப்பார்களா? மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு இடம் பார்க்கலாம். 'நூறு சதவீத வேலைவாய்ப்பு' என்ற விளம்பரத்தைப் பார்த்தால் கேட்காமலே கிளம்பிவிடலாம்.

தத்துவத்தைக் கற்க என்.பி.டி.இ.எல். தளத்தில் பகுப்பாய்வு வேதியியல் பாடங்களை இலவசமாகவே பார்க்கலாம். கைப்பயிற்சிக்கு சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்களின் திறன் பயிற்சித் திட்டம் உண்டு; சென்னையில் இருக்கும் தோல் ஆராய்ச்சி நிறுவனமும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். சென்னை ஐ.ஐ.டி.யில் உயர்நிலைப் பகுப்பாய்வுக் கருவிகளுக்கான பொது மையம் ஒன்று இருக்கிறது. அறிவிப்புகளைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். தனியார் நிலையங்களைப் போல வாரம் ஒரு பேட்ச் தொடங்கமாட்டார்கள்.

எங்கே படித்தாலும், சான்றிதழைக் காட்டியவுடன் எந்த ஒழுங்கான நிறுவனமும் கருவியைக் கையில் கொடுத்துவிடாது. ஏற்கெனவே சோதித்து முடித்த சாம்பிளைப் புதியவரிடம் கொடுத்து, அனுபவசாலியின் ரிசல்ட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வித்தியாசம் வரம்புக்குள் வந்தால்தான் அவருடைய கையெழுத்து செல்லும். வராவிட்டால் மறுபடியும் பயிற்சி, மறுபடியும் சாம்பிள்.