தகரப்பெட்டி ஆவணங்களும் தொழிலாளர் வம்சாவளியும்

வம்சாவளி பற்றிய அறிவை அரபு மொழியில் 'இல்முல் அன்ஸாப்' என்பர். இத்துறையின் பெருநூலாகிய 'கிதாபுல் அன்ஸாப்' ஹிஜ்ரி 562 இல் (கி.பி. 1166) மறைந்த இமாம் ஸம்ஆனீ அவர்களால் இயற்றப்பட்டது. குலத்தால் மட்டுமன்றி ஊராலும் தொழிலாலும் பெயர்பெற்றோரையும் அது வரிசைப்படுத்துகிறது. ஃபிக்ஹ் கலையின் தூண்களாக விளங்கியோரில் பூட்டுத் தொழிலால் 'அல்கஃப்பால்' எனப்பட்டவர் உண்டு. சுண்ணச்சாந்துத் தொழிலால் 'அல்ஜஸ்ஸாஸ்' எனவும், செருப்புத் தைக்கும் தொழிலால் 'அல்கஸ்ஸாஃப்' எனவும் பெயர் கொண்டோரும் உண்டு. உழைப்பின் பெயரைச் சுமப்பதை அப்பெரியார்கள் இழுக்காகக் கருதவில்லை.

நம்மிடையேயோ வம்சாவளி என்றதும் கப்பல் வணிகரும் நிலக்கிழாருமே நினைவுக்கு வருகின்றனர். கூலிக்கு உழைத்தவரின் பேரன், "எங்களுக்கு ஏது வரலாறு?" என்று கேட்கிறான். நீலகிரி மாவட்டம் பந்தலூர் வட்டத்துத் தேவாலாவில் ஓர் இளைஞர் என்னிடம் கேட்டதும் இதுவே. தம் பாட்டனார் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர் என்பதற்குமேல் அவர் எதுவும் அறியார். ஆயினும் அவர் வீட்டுப் பரணில் ஒரு தகரப்பெட்டி இருந்தது.

தேவாலா உழைப்பாளரால் உருவான ஊர். 1880 ஆம் ஆண்டையொட்டி இங்குத் தங்கம் எடுக்க இலண்டனில் பல கம்பெனிகள் தொடங்கப்பெற்று, விரைவிலேயே சரிந்தன. அக்கம்பெனிகளைப் பற்றி நூல்கள் பேசுகின்றன. மண்ணைத் தோண்டியவர்களின் பெயர்களை அவை சொல்வதில்லை. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையின் இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வகைசெய்தது. அவ்வாறு திரும்பியவர்களுக்கு வேலையளிக்க 1968 இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டமே பின்னர் 'டான்டீ' எனும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. கூடலூர், பந்தலூர் பகுதிகளில் தாயகம் திரும்பியோர் பெருகியது இவ்வாறே.

அப்பெட்டியைத் திறந்தால் முதலில் பார்க்கவேண்டியவை இந்தியக் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் ஆகும். பிறந்த இடம், உடன் வந்தோரின் பெயர், வயது, உறவுமுறை ஆகியவை அவற்றில் கிடைக்கும். தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கிய நாளைக் கடவுச்சீட்டின் முத்திரை சொல்லும். 1984 இல் அக்கப்பல் போக்குவரத்து நின்றுவிட்டது.

அடுத்தது இலங்கைப் பிறப்புச் சான்றிதழ். பாட்டனார் அந்நாட்டில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம் ஆகியவற்றைக் கேட்கும் கட்டம் அதில் உண்டு. அக்கேள்வியின் பின்னே ஒரு துயரம் உள்ளது. 1948 ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், அங்கே பிறந்தவனிடமும் அவன் தந்தையாவது, அல்லது பாட்டனும் பூட்டனுமாவது அம்மண்ணில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. எழுத்தறியாத தோட்டத் தொழிலாளி பாட்டனின் பிறப்புக்குத் தாள் காட்ட எங்ஙனம் இயலும்? பல இலட்சம் பேர் நாடற்றவராயினர். தாள் இல்லையென்று தள்ளப்பட்டவர்களின் பேரர்களுக்கு இன்று எஞ்சிய தாள்களே துணையாகின்றன.

அதற்கும் முந்தைய காலத்தைக் காட்டுவன தோட்டத்துச் சீட்டுகள். தொழிலாளியின் கடனைக் குறித்த 'துண்டு' முறை 1921 இல் ஒழிக்கப்பட்டது. மாவட்டக் குறியும் தோட்ட எண்ணும் பொறித்த தகரத்துண்டு, தோட்டத்தை விட்டு நீங்கும்போது தந்த பத்துச்சீட்டு ஆகியவை சில வீடுகளில் இன்னும் இருக்கலாம். தோட்டத்தின் பெயர் தெரிந்தால் கங்காணியின் பெயரைத் தேடலாம். கங்காணி பெரும்பாலும் தன் ஊரிலும் சுற்றத்திலுமே ஆள் திரட்டினார். ஆதலால் அவர் ஊரைக் கண்டால் தொழிலாளியின் ஊரும் அருகிலேயே இருக்க வாய்ப்புண்டு. நிலமற்றவரின் பெயர் சிட்டாவிலும் அடங்கலிலும் இராது. அங்கே பள்ளிவாசல் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு உதவக்கூடும்.

இத்தாள்களை அப்படியே நம்பிவிடலாகாது. எழுத்தர் தம் காதில் விழுந்ததை எழுதினார். அப்துல் காதிர் ஓரிடத்தில் காதர் ஆவார், மற்றோரிடத்தில் காதர் சாயபு ஆவார். வயது பலவேளை உத்தேசமே. முப்பது, முப்பத்தைந்து என முழு எண்களாக இருப்பதே அதற்கு அடையாளம். ஹதீஸ் கலை வல்லுநர் ஓர் அறிவிப்பை மற்றோர் அறிவிப்போடு ஒப்பிட்டு எடைபோட்டதைப் போல, ஒரு தாளை மற்றொரு தாளோடும், இரண்டையும் மூத்தோர் வாய்மொழியோடும் ஒப்பிட வேண்டும். பெயர் மாறினாலும் மனைவி மக்களின் பெயர்களும் தோட்டத்தின் பெயரும் ஒத்திருப்பின் ஆள் ஒருவரே எனக் கொள்ளலாம்.

அவ்விளைஞர் இவ்வழியே சென்றார். கடவுச்சீட்டிலிருந்து பிறப்புச் சான்றிதழுக்கும், அதிலிருந்து தோட்டத்துக்கும், பாட்டியாரின் நினைவில் நின்ற கங்காணியின் பெயரால் புதுக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றுக்கும் வந்துசேர்ந்தார். அவ்வூர் ஜமாஅத்தில் விசாரித்தபோது, பாட்டனாரின் தமக்கை வழிப் பேரர் இருவர் அங்கே வாழ்வது தெரியவந்தது. மூன்று தலைமுறையாக அறுந்திருந்த உறவு அது. இரத்த உறவைப் பேணுதலை மார்க்கம் கடமையாக்கியுள்ளது. உறவினர் யாரென அறியாமல் அதைப் பேணுதல் எங்ஙனம்? வம்சாவளியை அறிவது பெருமை பேசுவதற்கன்று, இக்கடமைக்கே.

இதில் காலதாமதம் கூடாது. தமிழகத்திலேயே மிகுதியாக மழை பொழியும் ஊர்களுள் தேவாலாவும் ஒன்று. ஈரமும் பூஞ்சையும் தாள்களைத் தின்கின்றன. பணி ஓய்வுபெறுவோர் தோட்டத்து வீட்டைக் காலிசெய்யும்போது பழைய பெட்டிகள் குப்பைக்குப் போகின்றன. மூத்தோரும் ஒவ்வொருவராக விடைபெறுகின்றனர். எனவே தாள்களை இன்றே படமெடுத்து வையுங்கள். பாட்டியிடம் அமர்ந்து பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். யார் சொன்னது, எந்நாளில் சொன்னது என்பதையும் அருகே குறித்துவையுங்கள்.