படித்தது நிற்காத பிள்ளை

டிசம்பர் போயாவோடு பாவா ஆதம் மலைப் பருவம் தொடங்கினால், ஹட்டன் வழியாக நல்லதண்ணிக்குப் போகும் வாகனங்களைப் பொலிஸார் மோப்ப நாயோடு சோதிப்பது வழமை. கஞ்சாவோடு இளைஞர்கள் பிடிபட்ட செய்தி வரும். 'வெளியூர்ப் பொடியன்மார்' என்று நாமும் பத்திரிகையை மடித்துவிடுவோம். ஆனால் என்னிடம் உயர்தரம் படித்த ஒரு மாணவன், நம்ம டவுன் கடைக்காரக் குடும்பத்துப் பிள்ளை, "படிக்கிறேன் சேர், நிக்குதில்ல" என்று வந்து நின்றான். காரணத்தையும் அவனே சொன்னான்.

'நிக்குதில்ல' என்பது சரியான சொல். கஞ்சாவின் போதைப்பொருளான டீஎச்சீ 1964இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதையொத்த ஒன்றை நம் மூளையே உண்டாக்குகிறது என்பது 1992இல் தெரியவந்தது. நம் 'ஆனந்தம்' என்ற சொல்லைக்கொண்டே அதற்கு ஆனந்தமைட் என்று பெயர் வைத்தார்கள். அது போய்ப் பொருந்தும் ஏற்பிகள் மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் நிறைய உண்டு. இன்று கேட்ட பாடம் நாளைய நினைவாகப் பதிவதற்கு அந்தப் பகுதி வேண்டும். டீஎச்சீ அங்கே புகுந்தால் பதிவு குழம்புகிறது. பழையது அழிவதில்லை, புதியதுதான் ஏறுவதில்லை. சின்ன வயதில் மக்தபில் ஓதிய சூராக்களைத் தடுமாறாமல் ஓதுகிறவன், நேற்றைய பாடத்தைக் கேட்டால் முழிப்பான். வீட்டில் அதைச் சோம்பல் என்பார்கள்.

நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972–73இல் பிறந்த 1,037 பேரைத் தொடர்ந்து அவதானித்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. பதின்வயதில் தொடங்கிப் பல்லாண்டு கஞ்சாவுக்கு அடிமையாக இருந்தவர்களுக்கு, 38 வயதில் நுண்ணறிவு ஈவு ஏறத்தாழ 8 புள்ளி இறங்கியிருந்தது. இரட்டையர்களை ஒப்பிட்ட 2016ஆம் ஆண்டு ஆய்வோ, குடும்பச் சூழலும் காரணமாகலாம் என்றது. மேடையில் எட்டுப் புள்ளியை முழங்குகிறவர்கள் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

எனக்குக் கைகொடுத்தது 2018இல் அமெரிக்காவில் 16 முதல் 25 வயதுக்காரரிடம் செய்த ஆய்வு. ஒரு மாதம் கஞ்சாவை விட்டவர்களுக்குப் புதிய சொற்களைக் கற்கும் திறன் கூடியது, அதுவும் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே.

அக்லைக் காப்பது ஷரீஅத்தின் ஐந்து நோக்கங்களில் ஒன்று என்று இமாம் கஸ்ஸாலி வகுத்ததை நாம் ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம். காப்பதென்றால் பிள்ளையை விரட்டிவிடுவதா? அவனுடைய வாப்பா, "படிப்பு போதும், கொழும்புக் கடைக்கு அனுப்புறேன்" என்று நின்றார். "ஒரு மாசம் தாங்க ஹாஜியார்" என்றேன்.

முதல் வாரம் பிள்ளைக்கு நித்திரை இல்லை, எதற்கெடுத்தாலும் எரிச்சல். உம்மாதான் பக்கத்தில் இருந்தார். மூன்றாம் வாரம், நான் படிப்பித்த நூற்பாவை மறுநாள் பார்க்காமல் சொன்னான். கொழும்புப் பயணத்தைப் பரீட்சை முடிந்து பார்க்கலாம் என்றார் ஹாஜியார்.