பானெட்டுக்குள்ளும் உப்புக்காற்று

மட்டாஞ்சேரிக்கும் தோப்பும்படிக்கும் இடைப்பட்ட சுள்ளிக்கல்லில் இரும்பால் ஆன எதுவும் நெடுநாள் இளமையோடு இருப்பதில்லை. வாயிற்கதவின் கீல்கள், சன்னல் கம்பிகள், மிதிவண்டியின் சங்கிலி என அனைத்தையும் துரு தேடி வந்து பற்றுகிறது. மேற்கே சிறிது தொலைவில் அரபிக்கடல், கிழக்கே உப்பங்கழி. இரண்டுக்கும் நடுவில் உள்ள இந்தக் குறுகிய நிலத்தில் ஓராண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர். சூன் மாதத் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை கேரளக் கரையைத் தொடுமுன் கூரைகளைச் செப்பனிடுவதும் ஓடைகளைத் தூர்வாருவதும் இங்குள்ள வழக்கம். காரின் பானெட்டைத் திறந்து பார்க்கும் வழக்கம் மட்டும் அவ்வளவாக இல்லை.

நம் வாடிக்கையாளர் ஒருவருடைய இக்கட்டுதான் நம்மை இப்பகுதிக்கு அழைத்துச் சென்றது. மூன்று தலைமுறைகளாக மட்டாஞ்சேரியில் வாழும் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். வங்கிக் கடனில் வாங்கிய காரை மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக விற்க முடிவு செய்தார். கடனில் சில தவணைகள் எஞ்சியிருந்தன. விலை பேச வருபவர் பானெட்டைத் திறந்து பார்ப்பார் என்பதால், வண்டி கழுவும் இடம் ஒன்றில் விட்டு, எஞ்சின் அறையையும் சேர்த்து ‘வாட்டர் சர்வீஸ்’ செய்தார். உயர் அழுத்தக் குழாயால் அடித்த அடியில் பத்தாண்டு எண்ணெய்க்கறை பத்து நிமிடங்களில் போயிற்று. எஞ்சின் புதியதைப் போல் மின்னியது.

மறுநாள் காலை வண்டி கிளம்பியது. ஆனால் உதறிக்கொண்டே ஓடியது. எச்சரிக்கை விளக்கு எரிந்தது. வாங்க வந்தவர் நாகரிகமாக விடைபெற்றுச் சென்றார்.

வண்டியை இழுத்துச் சென்ற சிறு பட்டறையில், எல்லோரும் ஆசான் என்றழைக்கும் முதிய மெக்கானிக், ஸ்பார்க் பிளக்குகள் அமர்ந்திருக்கும் ஆழ்ந்த குழிகளில் நீர் தேங்கியிருப்பதைக் காட்டினார். ஒரு மின் இணைப்பான் உள்ளே பச்சை பூத்திருந்தது. நீரைத் துணியில் ஒற்றி எடுத்தவர் கேட்ட முதல் கேள்வி: “சார், இது குழாய்த் தண்ணீரா, கிணற்றுத் தண்ணீரா?”

இந்தக் கேள்வியில்தான் செய்தி இருக்கிறது. மேற்குக் கொச்சியில் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பானது. குடிநீர் தொலைவிலிருந்து குழாய் வழியாக வருவது. 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பாழூர் நீரேற்று நிலையத்தின் மோட்டார்கள் பழுதுற்றபோது இப்பகுதி மக்கள் குடங்களுடன் லாரிக்குக் காத்திருந்தனர். அத்தகைய ஊரில் வண்டி கழுவ உவர்நீரைப் பயன்படுத்துவதை எவரும் குறை சொல்ல இயலாது. எனினும் எஞ்சின் அறைக்கு அது நஞ்சு. அலுமினியத்தின் மேற்பரப்பில் இயற்கையாகப் படிந்திருக்கும் மெல்லிய ஆக்சைடு படலமே அதற்குக் கவசம். உப்பில் உள்ள குளோரைடு அந்தக் கவசத்தைத் துளைத்து ஊசிமுனைக் குழிகளை உண்டாக்குகிறது. எஃகுத் திருகாணி அலுமினிய உடலில் பொருந்தும் இடங்களில் உப்புநீர் தேங்கினால், அங்கே ஒரு சிறு மின்கலமே உருவாகி அலுமினியம் அரிக்கப்படுகிறது. செல்லானம், கும்பளங்கி போன்ற இடங்களில் ஓதம் ஏறும் காலங்களில் சாலையிலேயே உப்புநீர் நிற்கும். அவ்வழியே சென்று வரும் வண்டிகளுக்கு இது அன்றாடத் தொல்லை.

அழுத்தக் குழாய் தொடர்பாகவும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. ‘மழையில் ஓடும் வண்டிக்குத் தண்ணீர் என்ன செய்துவிடும்?’ என்று கேட்போர் பலர். நீர்க்காப்புத் தரக்குறியீட்டில் ஐ.பி. 67 என்பது, ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் மூழ்கினாலும் உட்புகாது என்பதைக் குறிக்கும். மிக அருகிலிருந்து பாயும் உயர் அழுத்த வெந்நீருக்கான சோதனை வேறு. அதற்குரிய எண் 9. முதல் தேர்வில் வென்ற இணைப்பான் இரண்டாவதிலும் வெல்லும் என்பதற்கு உறுதி இல்லை. மேலும், பத்தாண்டு வெப்பத்தில் இறுகிப்போன ரப்பர் வளையம், தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளின் தரத்தில் இருக்குமா?

ஃபோர்ட் கொச்சியில் வெளி என்னுமிடத்தில், தலைமுறைகளாகத் தமிழ் பேசும் வண்ணார் சமூகத்தார் துணி வெளுக்கும் தோபிகானா இன்றும் இயங்குகிறது. எந்தத் துணியை அடித்துத் துவைக்கலாம், எதை அலசி எடுக்க மட்டும் வேண்டும் என்பது அவர்களுக்குக் கைவந்த அறிவு. எஞ்சின் அறை இரண்டாவது வகைத் துணி.

ஆசான் செய்து காட்டிய முறையில் அவசரமே இல்லை. முதலில், கழுவுமுன் கைப்பேசியில் நான்கைந்து படங்கள் எடுக்கச் சொன்னார். எண்ணெய் எங்கே கசிந்திருக்கிறது, கூலன்ட் எங்கே உலர்ந்து பொருக்காகப் படிந்திருக்கிறது என்பதெல்லாம் அழுக்கு எழுதி வைத்திருக்கும் குறிப்புகள். அவற்றைப் படிக்காமல் அழிப்பது நோயாளியின் மருத்துவக் குறிப்பைக் கிழித்தெறிவது போல என்பது அவர் கட்சி. எஞ்சின் தொட்டால் இளஞ்சூடாக இருக்கலாம், கொதிக்கக் கூடாது. சூடேறிய உலோகத்தில் குளிர்நீர் பட்டால் விரிசல் காணக்கூடும். தூய்மைத் திரவமும் வேலை செய்யுமுன் உலர்ந்து கறையாகிவிடும்.

அடுத்து, சாவியை எடுத்துவிட்டு பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றினார். (சில புதிய வண்டிகளில் பேட்டரியைக் கழற்றினால் சில அமைப்புகளை மீண்டும் பதிய வேண்டியிருக்கும், வண்டியின் கையேட்டை ஒருமுறை பார்த்துவிடுவது நலம்.) ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி, எஞ்சினின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி, இக்னிஷன் காயில்கள், காற்று வடிகட்டியின் வாய் ஆகியவற்றை மூடினார். கேரளத்தில் 2020 சனவரி முதல் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருப்பதாலோ என்னவோ, பழைய மழைக்கோட்டு ஒன்றை வெட்டிப் பல அளவுகளில் உறைகளாக வைத்திருக்கிறார். ரப்பர் வளையம் போட்டால் போதும்.

பின்னர், நீரில் கரையும் மென்மையான எண்ணெய் நீக்கியைக் குறிப்பிட்ட அளவில் நீர் சேர்த்து, பெயின்ட் அடிக்கும் தூரிகையால் மேலிருந்து கீழாகத் தடவினார். மூலைகளுக்குப் பழைய பல்துலக்கி. சில நிமிடங்கள் ஊறியதும் ஈரத்துணியால் துடைத்து, விசைத்தெளிப்பானால் குழாய் நீரை மெல்லத் தெளித்து, மீண்டும் துடைத்தார். மொத்தத்தில் அரை வாளி நீருக்கு மேல் செலவாகவில்லை. காஸ்டிக் சோடா கலந்த மலிவான திரவங்களை அவர் பட்டறைக்குள் விடுவதில்லை. காரம் அலுமினியத்தைக் கரைக்கும். மண்ணெண்ணெயும் டீசலும் ஊற்றிக் கழுவும் பழைய பழக்கத்தையும் கைவிட்டுவிட்டார். அவை பல வகை ரப்பர்களை உப்ப வைத்து நலிவுறச் செய்யும். தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெண்பச்சைப் பொடி ஆப்பச்சோடா கரைத்த நீர் பட்டதும் நுரைத்து அடங்கியது. துடைத்து உலர்த்தி, சிறிது பெட்ரோலியம் ஜெல்லி பூசினார்.

அவர் மிகுந்த நேரம் செலவிட்டது உலர்த்துவதில்தான். துணி, காற்றூதி, அதன்பின் பானெட்டைத் திறந்து வைத்து ஒரு மணி நேர வெயில். உறைகளை நீக்கி, எதிர்முனையை மாட்டி, எஞ்சினைப் பத்து நிமிடங்கள் ஓடவிட்டார். பளபளப்புக்காகத் தெளிக்கும் சிலிக்கான் பூச்சைப் பற்றிக் கேட்டோம். ரப்பர் குழாய்களுக்கும் பிளாஸ்டிக் மூடிகளுக்கும் நீர் அடிப்படையிலான பூச்சைத் துணியில் தொட்டுத் தடவலாம், பெல்ட்டில் ஒரு துளியும் படக்கூடாது, பட்டால் வழுக்கும் என்றார். நம் கருத்தில் பூச்சே தேவையில்லை. எஞ்சின் அறை மின்ன வேண்டியதில்லை; கசிவு தெரியும் அளவுக்குத் தூய்மையாக இருந்தால் போதும்.

ஹைப்ரிட், மின்சாரக் கார் வைத்திருப்போர் இவ்வேலையில் தாமாக இறங்க வேண்டாம். செம்மஞ்சள் நிற உறையிட்ட கம்பிகள் உயர் மின்னழுத்தம் பாய்பவை.

கண்ணாடியின் அடியில், வைப்பர் தண்டுகளுக்குக் கீழே உள்ள பள்ளத்தைப் பலரும் மறந்துவிடுகின்றனர். ஃபோர்ட் கொச்சிச் சாலைகளில் குடை விரித்து நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களின் கீழ் வண்டியை நிறுத்துவது இன்பந்தான். ஆனால் அம்மரத்தின் சிற்றிலைகள் அந்தப் பள்ளத்தின் வடிகால் துளைகளை அடைத்துவிடும். பெருமழையில் நீர் வெளியேற வழியின்றி உள்ளறைக்கோ மின் இணைப்புகளுக்கோ புகும். கையால் இலைகளை அள்ளி எடுப்பதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை.

அள்ளுமுன் கையுறை அணிய வேண்டும். இதை நாம் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. மட்டாஞ்சேரி நறுமணப் பொருள்களுக்கும் அரிசிக்கும் பெயர்பெற்ற பழைய வணிகப் பகுதி. கிடங்குகள் உள்ள இடத்தில் எலிகளும் உண்டு. இரவில் இளஞ்சூடான எஞ்சின் அறை அவற்றுக்கு நல்ல படுக்கை. கடித்த கம்பிகளின் செலவை விடப் பெரிது எலியின் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் என்னும் எலிக்காய்ச்சல். 2018 ஆகஸ்டு வெள்ளத்துக்குப் பின் கேரளத்தில் அது உயிர்களைப் பறித்தது. துப்புரவுப் பணியில் இறங்கியோருக்கு அரசு தடுப்பு மாத்திரைகளை வழங்கியது. எனவே பானெட்டுக்குள் எச்சமோ கூட்டின் சருகோ கண்டால் உலர்ந்த நிலையில் ஊதவோ பெருக்கவோ கூடாது. கிருமிநாசினியால் நனைத்து, சிறிது நேரம் விட்டுத் துடைத்தெடுக்க வேண்டும். கையில் காயமுள்ளவர் தொடவே கூடாது. பின்னர் சில நாள்களில் காய்ச்சலும் தசைவலியும் கண்டால், மருத்துவரிடம் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனிக் காப்பீடு. 2015 திசம்பரில் சென்னையிலும் 2018-இல் கொச்சியை ஒட்டிய பெரியாற்றங்கரை ஊர்களிலும் எண்ணற்ற கார்கள் மூழ்கின. நீர் வடிந்ததும் சாவியைத் திருகிப் பார்த்தவர்கள் பெரும் இழப்புக்கு ஆளாயினர். காற்றைப் போல் நீரைச் சுருக்க முடியாது. சிலிண்டருக்குள் நீர் நிற்கையில் எஞ்சின் சுழன்றால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெள்ளச் சேதத்துக்கு முழுமைக் காப்பீட்டில் இடமுண்டு. ஆனால் இவ்வாறு எஞ்சினுக்குள் நேரும் சேதம் பொதுவாக அதில் அடங்காது. அதற்கென எஞ்சின் பாதுகாப்பு என்னும் கூடுதல் பிரிவைத் தனியே சேர்த்திருக்க வேண்டும். தம் பாலிசியில் அது உண்டா என்பதைப் புதுப்பிக்கும் நாளில் பார்ப்பதை விட இன்றே பார்ப்பது மேல். எலி கடித்த கம்பிகளுக்கு இழப்பீடு உண்டா என்பதும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும்; எழுத்தில் கேட்டுப் பெறலாம்.

கடன் நிலுவையில் உள்ள வண்டியின் ஆர்.சி.யிலும் பாலிசியிலும் வங்கியின் பெயர் பதிந்திருக்கும். வண்டி முற்றிலும் சேதமடைந்தால், இழப்பீட்டில் முதலில் கடன் பாக்கி கழிக்கப்பட்டு, எஞ்சியதே உரிமையாளருக்குச் சேரும். கவனிப்பின்மையால் இழப்பீடு மறுக்கப்பட்டாலோ, வண்டி நின்றுபோன பின்னும் தவணை நிற்பதில்லை. கடன் தீர்ந்த பின்னரும் ஒரு வேலை மீதமுண்டு. வங்கியிடமிருந்து தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் பெற்று, போக்குவரத்து அலுவலகத்தில் ஆர்.சி.யிலுள்ள பதிவை நீக்கிக்கொள்ள வேண்டும். விற்கும் நேரத்தில்தான் பலருக்கு இது நினைவுக்கு வருகிறது.

பழைய கார் வாங்கக் கடன் கேட்டு வருவோருக்கும் ஒரு சொல். மாசு மருவின்றிப் பளபளக்கும் எஞ்சின் அறையைக் கண்டு மயங்க வேண்டாம். எப்போது கழுவினீர்கள் என்று கேளுங்கள். அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்து, நிறுத்தி, மீண்டும் பானெட்டைத் திறந்து பாருங்கள். புதிய கசிவு அப்போது ஒளிந்துகொள்ள இயலாது.

நம் வாடிக்கையாளரின் வண்டியில் ஆசான் குழிகளை உலர்த்தி, ஒரு காயிலையும் அரித்த இணைப்பானையும் மாற்றினார். செலவு ஒரு மாதத் தவணையை மிஞ்சியது. தூய்மைப்படுத்திய மறுநாள், வால்வு மூடியின் ஓரத்தில் நூலிழை போல் எண்ணெய் கசிவது தெரிந்தது. கேஸ்கெட் தேய்ந்திருந்தது. ‘இதை இப்போது சொல்ல வேண்டுமா?’ என்று அவருடைய மனைவி கேட்டாராம். அடுத்து வந்தவரிடம் கசிவையும், மாற்றிய உதிரிப் பாகங்களின் ரசீதுகளையும், கழுவுமுன் எடுத்த படங்களையும் அவர் காட்டினார். வந்தவர் கேஸ்கெட்டின் விலையை மட்டும் கழித்துக்கொண்டு முன்பணம் கொடுத்தார். அடுத்த வாரம் இருவரும் படிவம் 35-க்காக நம் கிளைக்குச் சேர்ந்தே வந்தனர்.